பதிலிக்கு எழுதின ரெண்டாவது வரி

வேகம் வேகம்னு எவனாவது என்கிட்ட வந்து பெருமையடிச்சா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அஞ்சு நாள் வேலைய அரை நாள்ல முடிச்சவன்னு ஒரு காலத்துல நானும் நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சவன்தான். எண்பதுகளோட பின்பாதி. தேனிக்குப் பக்கத்துல ஒரு நூல் மில்லு, அதுல டைம் ஆபீஸ் கிளார்க்கு. பட்டப்படிப்பு முடிச்சு மதுரையில ஆறு மாசம் கம்ப்யூட்டர் படிச்சிருந்தேன்னு எடுத்தாக. எடுத்தாகளே தவிர நிரந்தரம் பண்ணல. அந்த அரை நாளு என் கூடப் பெறந்த அக்கா பொழப்புல மண்ணள்ளிப் போட்டுச்சு. போட்டது நான்தான். கம்ப்யூட்டர் மேல பழியப் போட்டா வாய் வெந்து போகும்.

அக்கா அதே மில்லுல கோன் சுத்துற பகுதியில பதிலி. பதிலின்னா, நிரந்தர ஆளு வராத அன்னைக்கு அந்த எடத்துல நிக்கிறவ. காலையில தூக்குவாளியோட கேட்டுக்கு வெளிய நிக்கணும். உள்ள எவளுக்குக் காய்ச்சல், எவ வீட்டுல விசேசம்னு பாத்துட்டு மேஸ்திரி வந்து கைய நீட்டிக் கூப்பிடுவாரு. கூப்பிடலன்னா வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். டைம் ஆபீஸ் பட்டியல்ல அவளுக்குன்னு ஒரு பதிலி நம்பர் உண்டு, ஆனா உள்ள போயிட்டா அன்னைக்கு அது செல்லாது. எவ எடத்துல நிக்கிறாளோ அவ டோக்கன்தான் இவளுக்கும். "ஏ எழுபத்திரண்டு, நூலு அறுந்து கெடக்கு, கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"ன்னு மேஸ்திரி சத்தம் போட்டா, அது அக்காவத்தான். சாயங்காலம் வந்து காலக் கழுவிக்கிட்டே, "இன்னைக்கு நான் நூத்திப் பதினெட்டுடா"ம்பா. அவ மக அப்ப ரெண்டாங் கிளாஸ். "நேத்து நூத்தி நாலுன்னு சொன்ன?"ன்னு கேட்டுச் சிரிக்கும். 

மாமா எஸ்டேட் வேலைக்குன்னு மலை ஏறிப் போன மனுசன், அங்கனயே இன்னொரு குடும்பம் பண்ணிக்கிட்டாரு. அக்கா ஒரு நாளுகூட அதுக்கு ஒப்பாரி வைக்கல. மகளத் தூக்கிக்கிட்டு அல்லிநகரத்துக்கு வந்தா, அப்பா ஆத்தா இல்லாத வீட்டத் தெறந்தா, என்னையப் படிக்க வச்சா. அவளுக்கு வேணும்னு இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்: நிரந்தர வேலை. ரெண்டு வருசத்துல நானூத்தி எண்பது நாள் வேலை பாத்திருந்தா பதிலிய நிரந்தரம் பண்ணியாகணும்னு சட்டம் வந்திருச்சுன்னு சங்கத்துக்காரர் சொல்லியிருந்தாரு. அன்னையில இருந்து நாள்காட்டியில வேலைக்குப் போன நாள் தாள மட்டும் கிழிச்சு ஒரு கம்பியில குத்தி வச்சா. போகாத நாள் தாளு அடுப்புக்குப் போயிரும். ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலயும் அன்னைக்கு எந்த நம்பர்ல நின்னாளோ அத பென்சில்ல எழுதி வைப்பா. நான்கூடக் கேலி பண்ணியிருக்கேன், "என்னக்கா, மில்லுல எழுதுறது பத்தாதா, நீ வேற தனி ஆபீஸ் நடத்துறியா?"ன்னு.

மில்லுல வருகைப் பதிவெல்லாம் ஒரு பழைய மெசின்ல இருந்துச்சு. பீரோ சைசு, பெரிய பெரிய பிளாப்பி தட்டு. அதுக்கு உதிரி பாகம் கெடைக்கலன்னு மேசை மேல வைக்கிற புது கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கினாக. ரெண்டு வருசப் பதிவப் பழசுல இருந்து புதுசுக்கு மாத்தணும். இதுல அது வராது, அதுல இது போகாது. பழசு வருசத்த முன்னால எழுதும், புதுசு நாள முன்னால கேக்கும். பழசுல ஆளோட நம்பரு ஒரு மாதிரி மடிச்சு வச்சிருக்கும், புதுசுக்கு அத விரிச்சுக் குடுக்கணும். வித்த கம்பெனியில இருந்து ஒரு இன்ஜினியர் தம்பி வந்து ரெண்டுக்கும் நடுவுல வயர் போட்டு, பழசுல இருக்குறத வெறும் எழுத்தா இழுத்து, அத வரி வரியாப் படிச்சு ஏத்துறதுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் குடுத்துட்டு, "அஞ்சு நாள் ஆகும், தொடாம இருங்க"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டாப்ல.

அஞ்சு நாளு! நம்ம ஊருக் கரண்ட்டப் பத்தி அந்தப் புண்ணியவானுக்கு என்ன தெரியும்? மூணாம் நாள் மத்தியானம் கரண்ட்டு போச்சு. திரும்ப வந்தப்ப ஏறினதுல பாதி கந்தலாக் கெடந்துச்சு. முதல்ல இருந்து ஆரம்பிச்சோம். ரெண்டாம் நாளே திரும்பப் போச்சு. மேனேஜர் வந்து எட்டிப் பாத்துட்டு, "என்னப்பா, மாட்டு வண்டியில ஏத்துறியா?"ன்னு கேட்டாக. (அவுகள இன்னும் அவுக இவுகன்னுதான் சொல்ல வருது. நாக்குப் பழக்கம். மரியாதைன்னு நெனச்சுக்கிராதீக.) பக்கத்துல நின்ன சூப்பர்வைசர்லாம் சிரிச்சாக. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு.

மறுநாள் கடிகாரத்தக் கழட்டி மேசையில வச்சுக்கிட்டு உக்காந்தேன். முதல் ஆயிரம் வரி ஏற எம்புட்டு நேரம், அடுத்த ஆயிரம் எம்புட்டு நேரம்னு எழுதிக்கிட்டே வந்தேன். ஏற ஏற மந்தமாகிக்கிட்டே போச்சு. அப்பத்தான் வெளங்குச்சு. ஒவ்வொரு வரி உள்ள போகும்போதும் அது மூணு வேலை பாக்குது. பதிலி நம்பர் சரியான்னு பதிலி பட்டியல்ல தேடிப் பாக்குது, ஏற்கனவே இருக்கான்னு பாக்குது, அப்புறம் நம்பர் வாரியா தேதி வாரியா அட்டவணையில எடம் தேடிச் செருகுது. மேனேஜருக்கு நான் சொன்ன விதம் இதுதான்: "சார், லாரியில வந்த பஞ்சுப் பொதிய ஒண்ணு ஒண்ணா எறக்கி, ஒண்ணு ஒண்ணா எடை போட்டு, ஒண்ணு ஒண்ணா எடம் தேடி அடுக்கினா எப்ப முடியும்? மொதல்ல பூராத்தையும் எறக்கிப் போட்ருவோம். அடுக்குறத கடைசியில ஒரே மூச்சா அடுக்கிக்கிருவோம்." மனுசனுக்கு அது பிடிச்சுப் போச்சு. "செய்யி"ன்னாக.

அட்டவணையக் கழட்டி விட்டேன், ஏற்கனவே இருக்கான்னு பாக்குறதக் கடைசிக்குத் தள்ளினேன். பதிலி பட்டியல்ல தேடுறத எடுத்து விட்டேன், அதுதான் இருக்குறதுலயே பெரிய இழுவை. ஒரே ஒரு வரியா எழுதாம நூறு நூறா எழுத வச்சேன். காலையில ஒம்போது மணிக்குத் தட்டி விட்டது, மத்தியானச் சங்கு ஊதுறதுக்குள்ள கடைசி வரி ஏறிப் போச்சு. எனக்குத் தலகால் புரியல. நாற்காலிய விட்டு எந்திரிச்சு அந்த ரூமுக்குள்ளயே ரெண்டு சுத்து சுத்தினேன்.

இனி கேளுங்க, நான் பண்ணின கூறுகெட்ட வேலைய. முன்னாடி கரண்ட்டு போனப்ப பாதியில ஏறினதையும் வீணாக்க மனசு வராம வச்சிருந்தேன். அதனால சில வரி ரெண்டு தடவ வந்திருந்துச்சு. ரெண்டாவதக் கழிக்கணும். ஒரே டோக்கன், ஒரே தேதி, ஒரே ஷிப்ட்டு வந்தா முதல் வரிய வச்சுக்கிட்டு அடுத்ததத் தள்ளிருன்னு கட்டளை குடுத்தேன். ஒரு டோக்கன்ல ஒரு ஷிப்ட்டுக்கு ஒரு ஆளுதான இருக்க முடியும்? அப்படித்தான நெனச்சேன். நெனச்சதக்கூடச் சொல்ல முடியாது, நெனக்கவே இல்ல. நிரந்தரக்காரி லீவு போட்டா முதல் வரியில அவ டோக்கனும் லீவும் இருக்கும். அதே டோக்கனப் போட்டு ரெண்டாவது வரியில பதிலியோட நம்பர் இருக்கும். மில்லு தொடங்கின நாள்ல இருந்து அப்படித்தான் எழுதுறாக. நானே என் கையால அந்தப் பழைய மெசின்ல அப்படித் தட்டி ஏத்தினவன். சாயங்காலமானா வீட்டுல "இன்னைக்கு நான் எழுபத்திரண்டு"ன்னு கேட்டுக் கேட்டு வளந்தவன். லீவு போட்டவ வரிய வச்சுக்கிட்டு, நின்னு வேலை பாத்தவ வரியத் தூக்கி எறிஞ்சுட்டேன்.

இன்னொண்ணும் சொல்லிர்றேன். கழிச்சு முடிச்சதும் எத்தன வரி போச்சுன்னு திரையில காட்டுச்சு. ரெண்டாயிரம் மூவாயிரம் போகும்னு எதிர்பாத்தேன். முப்பதாயிரத்துக்கு மேல காட்டுச்சு. அந்த நம்பர் என் கண்ணு முன்னாலதான் நின்னுச்சு. ஏன்னு ஒரு நிமிசம் கேட்டிருக்கலாம்ல? கேக்கல. வெளிய மேனேஜர் பியூனக் கூப்பிட்டு லட்டும் மிக்சரும் வாங்கியாரச் சொல்லிக்கிட்டு இருந்தாக. லட்டு திங்கிற அவசரம்.

ரெண்டு மாசம் கழிச்சு பதிலிப் பொம்பளைகள்லாம் சேந்து மனுக் குடுத்தாக, நாங்க நானூத்தி எண்பது நாள் முடிச்சிட்டோம், நிரந்தரம் பண்ணுங்கன்னு. அக்கா முன்னால நின்னா. விசயம் மதுரைக்குத் தொழிலாளர் அதிகாரிகிட்டப் போச்சு. மேனேஜர் என்னையக் கூப்பிட்டு, ஒவ்வொருத்திக்கும் எத்தன நாளுன்னு கம்ப்யூட்டர்ல எடுத்துட்டு வரச் சொன்னாக. வீட்டுல அக்கா கம்பியில இருந்த தாளப் பூராம் எண்ணி வச்சிருந்தா. ஐநூத்திப் பன்னெண்டு. கேட்டுக்கு வெளிய நிக்கிற அத்தன பேருகிட்டயும் சொல்லியிருக்கா: "நம்ம ஆளுதான் உள்ள உக்காந்துருக்கான். என் தம்பி எடுத்துக் குடுத்துருவான். எவளும் பயப்படாதீக."

பிரிண்டர் கரகரன்னு அடிச்சுத் தள்ளுன காகிதத்துல எங்க அக்கா பேருக்கு நேரா நூத்தித் தொண்ணூத்தியொண்ணு இருந்துச்சு. நிரந்தர ஆளே போடாத காலி இடத்துல நின்ன நாளு மட்டும் தங்கியிருக்கு. லீவு போட்டவ எடத்துல நின்னது ஒண்ணுகூட இல்ல. ஒருத்தி விடாம அத்தன பேருக்கும் அதே கதி. அந்த முப்பதாயிரம் எங்க போச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சது.

மேனேஜர்கிட்ட ஓடுனேன். ஓடத்தான் செஞ்சேன், அதையாவது நம்புங்க. "சார், ஏத்துனதுல தப்பு நடந்துருச்சு. என் தப்பு சார். பழைய பிளாப்பி பூராம் ஸ்டீல் பீரோவுலதான் இருக்கு. ஒரு கட்டளைய மாத்திட்டு ஏத்துனா மத்தியானத்துக்குள்ள சரியாயிரும்"னேன். அவுக கண்ணாடியக் கழட்டித் தொடச்சாக. காகிதத்த மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாக. மொகத்துல ஒரு தெளிச்சி வந்துச்சு பாருங்க, அத இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு வயிறு எரியும்.

"தம்பி, நீ செஞ்ச வேலைய நீயே தப்புன்னு சொன்னா நாளைக்கு உன்ன எவன் நம்புவான்?"னு கேட்டாக. சத்தம் போடல, மெரட்டல. ரொம்பத் தன்மையாக் கேட்டாக. "உன்னைய நிரந்தரம் பண்ற பேப்பர் இந்த மாசம்தான் மேல போகுது. கம்ப்யூட்டர் எடுத்த கணக்கு, எடுத்தது எடுத்ததா இருக்கட்டும்." அப்புறம் கைய நீட்டுனாக. ஸ்டீல் பீரோ சாவி என் இடுப்புல இருந்துச்சு. எடுத்துக் குடுத்தேன்.

இங்கன ஒரு மனுசன் இருந்திருந்தா சாவியக் குடுத்திருக்க மாட்டான். இல்ல, குடுத்துட்டு நேரா சங்க ஆபீசுக்குப் போயிருப்பான். நான் கேன்டீனுக்குப் போயி டீ குடிச்சேன். ஒரு வாரம் அதே வீட்டுல அதே அக்காவுக்கு எதிர்க்க உக்காந்து சாப்பிட்டேன். "எடுத்துட்டியாடா?"ன்னு ஒரு தடவ கேட்டா. "ஆபீஸ் விசயத்த வீட்டுல கேக்காதக்கா"ன்னு எரிஞ்சு விழுந்தேன். அவ கறிவேப்பிலைய ஒதுக்கி வச்சுட்டு இன்னொரு கரண்டி கொழம்பு ஊத்தினா. சந்தேகமே வரல அவளுக்கு.

மதுரைக்கு நான் மேனேஜர் கார்ல போனேன். ஆண்டிபட்டி கணவாய்ல ஒரு பஸ்ஸ முந்தினோம். ஜன்னலோரமா அக்கா, மடியில மஞ்சப்பை. அதுக்குள்ளதான் அந்தத் தாளு பூராம் இருந்துச்சு. நான் சீட்டுல சறுக்கிக் கீழ குனிஞ்சுக்கிட்டேன், செருப்பு வாரச் சரி பண்றவன் மாதிரி.

அதிகாரி நல்ல மனுசன்தான், குத்தம் சொல்லக் கூடாது. காகிதத்தப் பாத்தாரு. அக்கா கம்பியோட தாளக் கொத்தா எடுத்து மேசையில வச்சா. அதையும் பெரட்டிப் பாத்தாரு. "இதுல மில்லுக்காரங்க கையெழுத்து எதுவும் இல்லையேம்மா"ன்னாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "இந்தக் கணக்கு எடுத்தது நீங்கதானா? இதத் தவிர வேற பதிவு ஏதும் இருக்கா?"ன்னு கேட்டாரு.

மேனேஜர் என்னையப் பாக்கல. ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டு இருந்தாக. அம்புட்டு நம்பிக்கை என் மேல.

"வேற இல்ல சார்"னேன்.

அக்காவுக்கு அப்பவும் வெளங்கல. நான் ஏதோ கேள்வியத் தப்பா வாங்கிட்டேன்னு நெனச்சுட்டா. "அவன்கிட்ட நான் கேக்குறேன்யா"ன்னு அதிகாரிகிட்டச் சொல்லிட்டு என் முன்னால வந்து நின்னா. "ஏலே, மில்லுக் காகிதத்த விடு. நான் வேலைக்கு வந்தேனா, வரலையா? அத மட்டும் சொல்லு."

அத்தன பொம்பளைகளும் என் வாயவே பாத்துக்கிட்டு நிக்கிறாக. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தேன்? "வந்தா சார், நானே பாத்திருக்கேன், நானே எழுதியிருக்கேன்"னு சொல்ல எத்தன மூச்சு வேணும்?

"கம்ப்யூட்டர்ல இல்லக்கா"ன்னேன்.

அவ என்னைய ரொம்ப நேரம் பாக்கல. சட்டுன்னு திரும்பி மேசையில கெடந்த தாளையெல்லாம் சேத்துப் பைக்குள்ள வச்சா. ஒண்ணு ரெண்டு கீழ விழுந்துச்சு. அதிகாரியே குனிஞ்சு எடுத்துக் குடுத்தாரு. மனு தள்ளுபடி ஆச்சு. 

மில்லுக்குப் போயிட்டு நான் வீட்டுக்கு வந்தப்ப அக்கா எனக்கு முன்னாலயே வந்து பாத்திரத்தச் சாக்குல கட்டிக்கிட்டு இருந்தா. ஏச்சுப் பேச்சு வரும், செருப்பால அடிப்பா, அடிக்கட்டும்னு நின்னேன். "பழைய மெசின் தட்டு இருந்துச்சா?"ன்னு கேட்டா. இருந்துச்சுன்னேன். "திரும்ப ஏத்த எம்புட்டு நேரம் ஆகும்?"னு கேட்டா. ஒரு காலை நேரம்னு சொன்னேன். அவ்வளவுதான் அவ கேட்டது. மகளக் கையில பிடிச்சுக்கிட்டு தேவாரம் பஸ்ஸுக்குப் போயிட்டா. அங்கன அவ கூட்டாளி ஒருத்தி இருந்தா. விடியக்காலம் ஜீப்ல மலை ஏறி ஏலத் தோட்டத்துல பழம் எடுத்துட்டுச் சாயங்காலம் எறங்குற பொழப்பு. நடுவுல ரெண்டு தடவ போயிக் கூப்பிட்டேன். உள்ள இருந்துக்கிட்டே மகள விட்டு அம்மா இல்லன்னு சொல்லச் சொன்னா.

அந்த மாசமே எனக்கு நிரந்தர ஆர்டர் வந்துச்சு. ஸ்டீல் பீரோவுல இருந்த பிளாப்பி பூராத்தையும் பழைய மெசினோட சேத்து ஏதோ ஒரு லாரியில ஏத்தி அனுப்பிட்டாக. நிரந்தர வேலைக்காரன்னு பெரியகுளத்துல பொண்ணு குடுத்தாக. 

கல்யாணத்துல தாலிக்கு நாத்தனார் முடிச்சுப் போடக் கூடப் பெறந்தவ வேணும். வர மாட்டான்னுதான் நெனச்சேன். முகூர்த்தத்துக்குச் சரியா வந்து நின்னா. நல்ல சேலையில்ல, ஆனா வெளுத்துக் கட்டியிருந்தா. விரல் பூராம் ஏலக் கறை. நான் ஒரு முடிச்சுப் போட்டேன், அவ ரெண்டு முடிச்சு இறுக்கிப் போட்டா. பொண்ணு தலையில கைய வச்சு, "நல்லா இரு ஆத்தா"ன்னா. எனக்கு அட்சத கூடப் போடல. பந்தியில எல போட்டு உக்கார வச்சாக. என் மாமனாரு கையப் பிடிச்சுக் கெஞ்சுனாக. "பஸ்ஸு போயிரும்"னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டா. 

அன்னைக்குத் தொட்டு என் வீட்டுல அவ கை நனைச்சதில்ல. என் பிள்ளைக காதுகுத்துக்கு வந்தா, பொங்கலுக்கு வந்தா, செய்ய வேண்டியதச் செஞ்சா. ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல. என் பொண்டாட்டி இன்னைக்கு வரைக்கும் கேக்குறா, உங்க அக்காவுக்கு நான் என்ன கொற வச்சேன்னு. நான் அவகிட்டயும் சொல்லல.